கேட்டியில் ஆறு நாளும் மூன்று நாட்டுத் துப்பாக்கியும்

இல்லை சுந்தர் தம்பி, நான் எதையும் கெடுக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் போட்ட நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "ஆறு மாச அனாலிசிஸை மாமா அஞ்சு நாள்ல குப்பையில போட்டுட்டாரு" என்கிறீர்கள். சரி, போட்டேன். அதோடு விட்டீர்களா? "என்ன இருந்தாலும் இத்தாலிக்காரன் பிஸ்டல்தான் பெஸ்ட்" என்று முடித்தீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் இதுவரை கையில் பிடித்த ஒரே துப்பாக்கி தீபாவளிக்கு ரோல் கேப் மாட்டிச் சுட்டது. அதுவும் பாதி நேரம் சுருண்டுகொள்ளும், நீங்கள் அழுவீர்கள். உங்கள் அம்மாவே சொல்லியிருக்கிறார்.

மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது எப்போதும் நான் எழுதும் பயணக் கட்டுரைதான். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வந்து, மகன் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்கும் மகள் வீட்டிலிருந்து மகன் வீட்டுக்கும் பார்சல் போல அனுப்பப்படும் பெரியவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று எழுதுவது. புதிதாக வந்தவர்களுக்கு: எனக்கு எழுபத்திரண்டு. பெரம்பூரில் முப்பத்தெட்டு வருடம் தையல் மிஷின் ரிப்பேர் கடை. படிப்பு எட்டாவது, அதிலும் கணக்கில் வாத்தியார் கருணை. இப்போது ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகன் வீட்டில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. மகள் கவிதா டெக்சாஸில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் இருக்கிறாள். அவள் புருஷன் சரவணன், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். மாதத்தில் பத்து நாள் கடலுக்குள் இருக்கும் ரிக்கில் வேலை. அவருடைய அண்ணன்தான் மேலே நான் திட்டிக்கொண்டிருந்த சுந்தர். ஃப்ரீமான்ட்டில் சிப் கம்பெனியில் இருக்கிறார்.

கதை இப்படி ஆரம்பித்தது. ஏப்ரல் மாதம் பகல் பதினொரு மணிக்குக் கவிதா வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் பின்கதவை உடைத்து எவனோ உள்ளே புகுந்துவிட்டான். வீட்டில் ஆள் இல்லை, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சரவணன் அப்போது ரிக்கில் இருந்தார். கரைக்கு வந்த அன்றே சொல்லிவிட்டார், வீட்டுக்கு ஒரு பிஸ்டல் வாங்குவது என்று. பயம் நியாயம்தான். அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

வேறு ஆளாக இருந்தால் அன்று மாலையே கடைக்குப் போய் வாங்கியிருப்பான். நம் பிள்ளைகள் அப்படியா? இவர்கள் ரைஸ் குக்கர் வாங்க ஐந்து மாதம் எடுத்தவர்கள். அண்ணனும் தம்பியும் எக்செல் ஷீட் போட்டார்கள். பதினான்கு பத்தி, மூன்று வண்ணம். ஆஸ்திரியாக்காரன் செய்வது எடை குறைவு, உதிரி பாகம் கொஞ்சம், பார்க்க ஸ்டேப்ளர் மாதிரி இருக்கும். சரவணன் அந்தக் கட்சி. இத்தாலிக்காரன் பரம்பரை பரம்பரையாகச் செய்கிறான், பார்க்க லட்சணம். சுந்தர் அந்தக் கட்சி. அமெரிக்கக்காரன் செய்வது இரும்பு, கனம், எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும். அவனுக்குக் கட்சிக்காரர் யாரும் இல்லை, ஷீட் நடுநிலையாகத் தெரிய வேண்டுமென்று சேர்த்திருந்தார்கள்.

ஜூன் மாதம் கவிதா எனக்குப் போன் செய்தாள்.

"அப்பா, அவர் ரிக்குக்குப் போற பத்து நாளும் அது என் அலமாரியிலதான் இருக்கும். மித்ரா கை படாத இடம்னு இந்த வீட்ல ஒண்ணு காட்டுங்க பாப்போம். சொன்னா, 'உன் சேஃப்டிக்குத்தானே'ங்கறாரு. என்னை யாராவது கேட்டாங்களா?"

மித்ரா என் பேத்தி, ஐந்து வயது. ஊறுகாய் ஜாடி, மருந்து பாட்டில், என் பெட்டி ஜிப் எதுவும் அவளுக்குப் பூட்டு இல்லை.

"நீ சும்மா இரும்மா. சண்டை முடியாம நான் பாத்துக்கறேன்" என்றேன். என் யோசனை எளிது. எது பெஸ்ட் என்று பேசிக்கொண்டிருக்கும்வரை இவர்கள் வாங்க மாட்டார்கள். ஆகவே பேச்சு முடியக் கூடாது. நான்கு மாதம் நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டே ஊதிவிட்டேன். ஆஸ்திரியா என்று முடிவாகும்போல் தெரிந்தால், "இத்தாலி ஸ்பிரிங் எப்படி தம்பி?" என்று சுந்தருக்கு ஒரு வரி. அதில் இரண்டு வாரம் ஓடும். இத்தாலி என்று சாய்ந்தால், "கைக்குக் கனம் இல்லையா மாப்ளே?" என்று சரவணனுக்கு ஒரு வரி. அதில் மூன்று வாரம். சும்மா சொல்லக் கூடாது, ஓய்வு பெற்றபின் நான் ஒழுங்காகப் பார்த்த வேலை இதுதான்.

அக்டோபரில் கவிதா மறுபடி கூப்பிட்டாள். "அப்பா, ரெண்டு பேரும் களைச்சுப் போயிட்டாங்க. இந்த வாரம் முடிச்சிடறதுன்னு பேசறாங்க. கிளம்பி வாங்க."

கிளம்பினேன். புதன்கிழமை டிக்கெட், ஒரு வழிக்கு 173 டாலர், பெட்டிக்குத் தனியாக 40. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து நியூவார்க் விமான நிலையம் 26 மைல், காலை 5.40க்குக் கிளம்பினால் முப்பத்தைந்து நிமிடம். ஏழு மணிக்குக் கிளம்பினால் கடவுள் விட்ட வழி. விமானம் 8.15. வீல்சேர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், செக்யூரிட்டி வரிசை இல்லை, தள்ளுகிறவருக்கு ஐந்து டாலர் கொடுத்தால் போதும். அன்று வீல்சேர் வரிசையில் நம் ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேர். செக்யூரிட்டி தாண்டியதும் ஒருவர் எழுந்து காபிக் கடைக்கு ஓடினார், என்னால்கூட அவ்வளவு வேகமாக ஓட முடியாது.

ஹூஸ்டனில் இறங்கும்போது அங்கே மணி 11.20. ஒரு மணி நேரம் பின்னால் என்பதை மறக்காதீர்கள், மாத்திரை நேரம் மாறும். விமான நிலையத்திலிருந்து கேட்டி 46 மைல், ஆப் டாக்சி 58 டாலர். டிரைவர் எத்தியோப்பியாக்காரர். பேச்சுக்கு இருக்கட்டும் என்று, "விச் பிஸ்டல் பெஸ்ட்?" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "சார், ஐ ஹேவ் த்ரீ டாட்டர்ஸ். ஐ ஒன்லி ஹேவ் டைம் டு டிரைவ்" என்றார். இவரை ஆறு மாதம் முன்னால் பார்த்திருந்தால் சரவணனுக்கு அனுப்பியிருப்பேன்.

வீட்டில் யாரும் இல்லை. மித்ராவுக்கு அரைநாள் ஸ்கூல், கவிதா கூப்பிடப் போயிருந்தாள். "கராஜ் கதவு நம்பர் மித்ரா பர்த்டேதான்ப்பா, திறந்து உள்ள போங்க" என்றாள் போனில். அவள் பிறந்தது செப்டம்பர் 23. 2309 என்று அழுத்தினேன். திறக்கவில்லை. மறுபடி. மறுபடி. அக்டோபர் என்று பெயர்தான், வெயில் பெரம்பூர் மே மாதம். இருபது நிமிடம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். கார் வந்தது. மித்ரா இறங்கி, எட்டி நின்று, நான்கு பட்டனை டக் டக்கென்று தட்டினாள், கதவு மேலே போனது.

"மன்த் ஃபர்ஸ்ட், தாத்தா" என்றாள், முட்டாளுக்குச் சொல்வது மாதிரி.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தாகத்தில் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சுடும் இடத்துக்குப் போனோம். வீட்டிலிருந்து ஏழு மைல், மால் மாதிரி பார்க்கிங். ஒரு மணி நேரத்துக்கு 22 டாலர், துப்பாக்கி வாடகை 18, அதே பணத்தில் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம். காது மூடியும் கண்ணாடியும் 4. குண்டு ஐம்பது உள்ள டப்பா 19. சரவணன்தான் சுட்டார். நான் சுடவில்லை, ஊசியில் நூல் கோக்கவே இப்போது கை ஆடுகிறது. சுந்தர் ஃப்ரீமான்ட்டிலிருந்து வீடியோ காலில். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தோம். உள்ளே ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சுக்கூடு அதிர்கிறது. இதய நோய் உள்ளவர்கள் வெளியே காபி குடியுங்கள்.

நான் போட்ட திட்டம், மூன்றிலும் குற்றம் கண்டுபிடிப்பது. இத்தாலியைக் கையில் வாங்கி, "அழகா இருக்கு, ஆனா கவிதா கைக்கு இது சரிப்படாது மாப்ளே" என்றேன். போனிலிருந்து சுந்தர் கத்தினார். நல்லது, சண்டை. அமெரிக்கக்காரனை வாங்கி, "இது துவையல் அரைக்க ஆகும்" என்றேன். மூன்றாவது ஆஸ்திரியா. அதற்கு என்ன சொல்வதென்று காரிலேயே யோசித்து வைத்திருந்தேன், பிளாஸ்டிக் பொம்மை என்று.

அங்கேதான் கோட்டை விட்டேன். கவுண்ட்டரில் இருந்தவரும் என் வயதுக்காரர், வெள்ளைத் தாடி. உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு தடவை காட்டிவிட்டு, என் முன்னாலேயே அதைப் பிரித்து வைத்தார். துணி மேல் நான்கே துண்டு. அவர் முடித்ததும் என் கை தானாகப் போய்விட்டது. மேல்பாகத்தை எடுத்து உள்ளே விரலை ஓட்டினேன். எங்கும் பிசிறு இல்லை. ஸ்பிரிங்கை அழுத்தினேன், போனது, வந்தது. ஒரு ஸ்க்ரூ கிடையாது. முப்பத்தெட்டு வருடம் ஸ்க்ரூ தேடித் தரையில் தவழ்ந்தவன் நான். திருப்பி நானே மாட்டினேன்.

"ஆர் யூ எ கன்ஸ்மித், சார்?" என்றார் தாடிக்காரர், துப்பாக்கி ரிப்பேர்காரரா என்று.

"நோ, நோ. தையல் மிஷின்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் மரியாதையாகத் தலையாட்டினார். அந்த மரியாதையில் என் வாய் திறந்துவிட்டது.

"செஞ்சவன் தொழில் தெரிஞ்சவன்யா."

சரவணன் போன் பக்கம் திரும்பினார். "அண்ணா, கேட்டியா? மாமாவே சொல்லிட்டாரு."

"மிஷின் விஷயத்துல மாமா சொன்னா சரிதான்டா. க்ளோஸ் பண்ணு" என்றார் சுந்தர்.

ஆறு மாதம், பதினான்கு பத்தி, நான்கு மாத என் உழைப்பு, ஒரு வார்த்தையில் முடிந்தது. ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும், போய் வாங்குவது என்று முடிவு. சுந்தர் தம்பி, அன்று 'சரிதான்' என்று சொன்ன வாய் இன்று இத்தாலி என்கிறது. நேரில் இருந்தால் கேட்டிருப்பேன்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கவிதா தோசை ஊற்றினாள். தோசையைத் தட்டில் போட்ட சத்தம் போதுமாக இருந்தது. சட்னி வரவில்லை.

"உங்களை எதுக்குப்பா கூப்ட்டேன்?" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே.

"வாய் தவறிடுச்சும்மா."

"உங்க வாய் தவறும். நாளைக்கு எனக்கு எது தவறும்னு யோசிச்சீங்களா?"

வெறும் தோசையைச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை துப்பாக்கிக் கண்காட்சி. ஏற்கெனவே டிக்கெட் எடுத்தாயிற்று, போவோம் என்றார் சரவணன். கேட்டியிலிருந்து 31 மைல், பார்க்கிங் 10, நுழைவு ஆளுக்கு 14, பெரியவர் சலுகை கிடையாது, கேட்டுப் பார்த்தேன். 10.15க்குள் போய்விடுங்கள், அதற்குமேல் வரிசை வெயிலில் நிற்கிறது. உள்ளே கல்யாண மண்டபத்தில் பந்தி போட்ட மாதிரி நீள நீள மேஜைகள், இலைக்குப் பதில் துப்பாக்கி. நடுவில் ஒரு அம்மாள் வீட்டில் போட்ட வெள்ளரி ஊறுகாய் விற்கிறார், பாட்டில் 9 டாலர், வாங்கலாம். அடுத்தடுத்த மேஜைக்காரர்கள் இருவர், ஒருவர் ஆஸ்திரியா, ஒருவர் அமெரிக்கா, அங்கேயும் இதே சண்டை. வருடக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் கடை போடுகிறார்களாம், இன்னும் முடியவில்லையாம். நம் அண்ணன் தம்பி ஏன் அவசரப்பட்டார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். "மாப்ளே, செக் நாட்டுக்காரன்னு ஒருத்தன் இருக்கானாமே. ஷீட்ல அவன் பேரே இல்லையே?"

"மாமா, போதும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் அது முடிந்த பேச்சு.

அந்த மேஜைகளுக்குக் கடைசியில் பூட்டுப் பெட்டிகள் விற்றார்கள். இரும்புப் பெட்டி, மேலே நம்பர் பட்டன், 64 டாலர். நின்றேன். பணத்தை எடுத்து நானே வாங்கினேன்.

"எதுக்கு மாமா நீங்க?"

"துப்பாக்கி உங்க காசு. பெட்டி மாமனார் சீர். தலைதீபாவளிக்கு மோதிரம் போட்டப்ப வேணாம்னீங்களா?"

சீர் என்று சொன்னபின் எந்த மாப்பிள்ளை மறுப்பார்? வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நம்பர் வைக்கச் சொன்னேன். மரியாதைக்கு நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சீர்ப்பாத்திரத்தை வெறுமனே வைக்கக் கூடாது" என்று நான் கொண்டுவந்த கடலை மிட்டாய்ப் பாக்கெட்டை உள்ளே வைத்தேன். மித்ரா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சரவணன் பூட்டி, இழுத்துப் பார்த்து, படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஆறடி உயரம்.

"இப்ப சொல்லு கவிதா, எட்டுமா?" என்றார்.

கவிதா என்னைப் பார்த்தாள். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

மித்ரா அதைத் திறக்க எப்படியும் இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை வாங்குவதைத் தள்ளிப்போட வேறு ஏதாவது யோசிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஞாயிறு காலை 8.50. சரவணன் குளிக்கப் போனார். கவிதா அடுப்படியில். நான் காபியோடு ஹாலில். படுக்கையறையில் ஸ்டூல் இழுக்கும் சத்தம். முழங்கால் வலியோடு எழுந்து போவதற்குள் டக் டக் டக் டக் என்று நான்கு சத்தம். போனால், ஸ்டூல் மேல் துணிக்கூடை கவிழ்த்து, அதன் மேல் மித்ரா. பெட்டியை அவள் கீழே இறக்கக்கூட இல்லை. மூடி திறந்திருக்கிறது. ஒரு கை உள்ளே இருக்கிறது, ஒரு கன்னம் உப்பியிருக்கிறது.

சிரிக்க வேண்டியவன் நான். நான் செய்த வேலை பலித்துவிட்டது. ஆனால் பெட்டிக்குள் இருந்த அந்தக் கையைப் பார்த்தேன், கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவளைப் பிடித்து இறக்கக்கூடத் தோன்றவில்லை. கையில் இருந்த காபி வேட்டியில் கொட்டியது பிறகுதான் தெரிந்தது.

சரவணன் துண்டோடு வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவளைத் தூக்கி இறக்கினார்.

"மித்து, ஹவ் டிட் யூ ஓப்பன் இட்?"

"இட்ஸ் மை பர்த்டே, டாடி."

அவர் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளுக்கு அப்பாவைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். "கராஜ் இஸ் மை பர்த்டே. ஐபேட் இஸ் மை பர்த்டே. அம்மாஸ் ஃபோன் இஸ் மை பர்த்டே. எவ்ரிதிங் இஸ் மை பர்த்டே." பிறகு ஒரு மிட்டாயை நீட்டினாள். "டூ யூ வான்ட் ஒன்?"

அவர் தரையில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டார். சாப்பிடவில்லை. கையிலேயே வைத்திருந்தார். கவிதா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள், பெட்டியைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். அவள் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். சொல்லவில்லை. என் மகள் என்னைவிடக் கெட்டிக்காரி.

பன்னிரண்டு அடித்தது. கடை திறந்திருக்கும். சரவணன் கிளம்பவில்லை. ஒன்றரை மணிக்குக் கராஜ் கதவின் மேனுவலைத் தேடி எடுத்து நம்பரை மாற்றினார், பிறகு வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும். சாயந்திரம் பின்கதவுக்கு இரும்புப் பட்டையும் ஒரு கேமராவும் வாங்கி வந்து மாட்டினார், ட்ரில் பிடித்தது நான். பிஸ்டல் வாங்கப் போவதில்லை என்று என்னிடம் சொல்லவில்லை, கவிதாவிடம் சொன்னாராம். சீர்ப்பெட்டியில் இப்போது பாஸ்போர்ட்டுகள் இருக்கின்றன. அன்று இட்லிக்கு மூன்று சட்னி வந்தது. திங்கள் காலை வாக்கிங் போய்த் திரும்பியவன் கராஜ் வாசலில் மறுபடி கால் மணி நேரம் நின்றேன். புது நம்பரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சரியான காரியம்தான், ஆனாலும் வெயில் வெயில்தானே.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது: ஹூஸ்டன் பக்கம் போவதானால் நவம்பருக்குப் பிறகு போங்கள். நடக்க வேண்டுமானால் காலை 7.30க்குள். மகள் வீட்டில் நாலு நாளுக்கு மேல் தங்கினால் ஒரு வேலையாவது கையில் எடுங்கள், ட்ரில் பிடிப்பது நல்ல வேலை. துப்பாக்கி வாங்கும் பேச்சு உங்கள் பிள்ளைகள் வீட்டில் நடந்தால், எந்த நாட்டுக்காரன் என்று நீங்களும் சேர்ந்து பேசாதீர்கள். நான் பேசினேன். கடை திறந்து, வாங்க வைத்த பாவம் என் தலையில் விழ மூன்று மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. முதலில் ஒரு பூட்டை வாங்கி உள்ளே மிட்டாய் வையுங்கள். அந்த வீட்டுக் குழந்தைக்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று பாருங்கள்.

திங்கள் மாலை 4.30 விமானம். சரவணன்தான் கொண்டுவிட்டார், ஒரு மணி பத்து நிமிடம், டோல் உண்டு. வழியெல்லாம் ரேடியோ. விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. சீர்ப்பெட்டி நம்பர் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது மாப்ளே. ஆனா பெரம்பூர் கடைக்கு ஒரு நம்பர் பூட்டு போட்டிருந்தேன். இருபது வருஷம். கவிதா பர்த்டே."

முதல் தடவையாகச் சிரித்தார். குனிந்து பெட்டிக் கைப்பிடியை எனக்கு இழுத்து நிமிர்த்தி வைத்தார். சரி, மனசு லேசாக இருக்கிறது, இப்போது சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். தொழில்காரன் மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு ஊருக்குப் போகக் கூடாது.

"ஆனா ஒண்ணு மாப்ளே. வாங்கறோம், வாங்கல, அது வேற விஷயம். தொழில்னு பாத்தா, அந்த ஆஸ்திரியாக்காரன் இருக்கான் பாருங்க, ஸ்பிரிங்கை அவன் எங்க வெச்சிருக்கான்னா... உங்க அண்ணன் இத்தாலி இத்தாலிங்கறாரே, அதுல என்னன்னா... மாப்ளே, கேளுங்க, அந்தச் செக் நாட்டுக்காரனை நாம பாக்கவே..."

டிக்கி மூடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் டிரைவர் பக்கம் நடந்துபோய்க்கொண்டிருந்தார், ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே. நான் இன்னும் ஸ்பிரிங்குக்கே வரவில்லை.